கையெழுத்து வாங்கியாச்சு, கொடி பிடிச்சாச்சு, அப்புறம்? பெங்களூரில் போராட்டம் எங்கே பலிக்கிறது

அல்சூர்க்காரன்:
ஃப்ரீடம் பார்க் பக்கம் எந்த நாள் போனாலும் ஒரு ஷாமியானா இருக்கிறது. காலையில் கோஷம், மத்தியானம் எலுமிச்சை சாதம், சாயங்காலம் ஒரு மனு, மறுநாள் பேப்பரில் மூன்று அங்குலச் செய்தி. பெரும்பாலானவை அதோடு சரி. ஆனால் இதே ஊரில் ஸ்டீல் மேம்பாலம் நின்றது, பி.எஃப். விதி இரண்டே நாளில் திரும்பிப் போனது, துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. வித்தியாசம் எங்கே? கூட்டமா, கோர்ட்டா, தேர்தலா? "மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் தெருவுக்கு வந்தால் எந்த அரசும் தாங்காது" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அது நிஜமா? ஆவேசம் வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பின்னிமில் பேரன்:
முதலில் அந்த 3.5. ஆய்வாளர்கள் எரிகா செனோவெத்தும் மரியா ஸ்டீஃபனும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை ஆராய்ந்தார்கள். அகிம்சை வழியில் போனவற்றில் 53 சதவீதம் வென்றன, ஆயுதம் எடுத்தவற்றில் 26 சதவீதம். அந்த ஆய்வின் தொடர்ச்சியாக செனோவெத் சொன்னதுதான் 3.5. அவர்கள் எடுத்துக்கொண்டதெல்லாம் ஆட்சியை இறக்குவது, அந்நியப் படையை விரட்டுவது போன்ற இயக்கங்கள். சாக்கடை தூர்வார வைப்பதற்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 84 லட்சம் பேர். 3.5 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட மூன்று லட்சம். ஸ்டீல் மேம்பாலத்துக்கு எதிராக வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான், பாலம் வரவில்லை.

எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி இருக்கிறது. யார் பேனா எடுத்தால் இது மாறும்? அந்த ஆளுக்கு எது வலிக்கும்?

அந்த ஸ்டீல் பாலம் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய், 812 மரம். 2016 அக்டோபர் 16 அன்று மனிதச் சங்கிலி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளுக்கு ஒன்றரை மீட்டர் என்றால் 6.7 கிலோமீட்டருக்கு ஒற்றை வரிசைக்கே நாலாயிரத்து ஐந்நூறு பேர் வேண்டும். இதைக் கணக்குப் பண்ணாமல் "முழு நீளம் நிற்போம்" என்று அறிவிக்கிறவர்கள் இடைவெளி விழுந்து அசிங்கப்படுவார்கள். ஆள் குறைவு என்று தெரிந்தால் சிக்னல் இருக்கும் நாலைந்து இடத்தில் அடர்த்தியாக நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். கேமராவும் அங்கேதான் நிற்கும்.

ஆனால் சங்கிலி மட்டும் பாலத்தை நிறுத்தவில்லை. அக்டோபர் 28 அன்று பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை போட்டது. அது கொடுத்தது தாமதம். தாமதமான நேரத்தில் லஞ்சப் புகார்கள் கிளம்பின, 2018 தேர்தல் கிட்டே வந்தது. 2017 மார்ச் 2 அன்று அரசே கைவிட்டது. தெரு, கோர்ட், தேர்தல் மூன்றும் ஒரே திசையில் தள்ளின. இதில் எது "காரணம்" என்று பிரித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பீன்யா ஷிஃப்ட்:
பேரன் சார், அது கார் வைத்திருக்கிறவர்களின் போராட்டம். கோர்ட்டும் பேப்பரும் அவர்களுக்குப் பக்கத்து வீடு. பி.எஃப். விஷயத்தில் மனு இல்லை, வக்கீல் இல்லை, மேடை இல்லை. கார்மென்ட்ஸ் பெண்கள் ரோட்டில் இறங்கினார்கள், முடிந்தது.

விவரம் வேண்டியவர்களுக்கு: 2016 பிப்ரவரி 10 அறிவிக்கையின்படி வேலையை விட்டால் தன் பங்கையும் வட்டியையும் மட்டும் எடுக்கலாம், முதலாளி பங்கு 58 வயது வரை உள்ளேயே. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போய்விடும், கணக்கில் சேர்வது 3.67. மாதம் 7,000 சம்பளத்துக்கு அது 257 ரூபாய். ஐந்து வருடத்துக்கு வட்டி சேர்க்காமல் பதினைந்தாயிரம். டெல்லியில் ஃபைல் தள்ளுகிறவருக்கு அது சில்லறை. இங்கே அது பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், அடகு மீட்கிற பணம். ஏப்ரல் மாதம் வேறு. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வேலையை விட்டு பி.எஃப். எடுத்து மறுபடி சேருவதுதான் அந்தத் தொழிலில் சேமிப்பே.

ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோடு நின்றது. மறுநாள் பீன்யா, ஜாலஹள்ளி, ஹெப்பகோடி. 19ஆம் தேதி சாயங்காலம் மத்தியத் தொழிலாளர் அமைச்சர் விதியையே வாபஸ் வாங்கினார். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற ஒரே தண்டுவடம் ஓசூர் ரோடு. அதை அழுத்தினால் எங்கே வலிக்கும் என்று எந்த ஆய்வாளரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நூல்கண்டு:
ஷிஃப்ட் அண்ணா, பாதி சரி. அது *தடுத்த* போராட்டம், *பெற்ற* போராட்டம் இல்லை. புதிதாக வந்த விதியை எடுக்க ஒரு கையெழுத்து போதும், அரசு கஜானாவிலிருந்து ஒரு ரூபாய் போகாது. அதுவும் அந்த விதி ஏற்கெனவே ஆட்டம் கண்டது: முதலில் ஏப்ரல் 30 வரை, பிறகு ஜூலை 31 வரை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். அசைகிற பல்லைப் பிடுங்கிய மாதிரி. அதே பெண்களின் குறைந்தபட்சக் கூலி அப்படி இரண்டு நாளில் ஏறியதா? கூலிக்கு எதிரே முதலாளி நிற்கிறார், ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பிராண்ட் நிற்கிறது, "தொழில் வேறு மாநிலத்துக்குப் போய்விடும்" என்ற பூச்சாண்டி நிற்கிறது.

இன்னொன்று. தலைமை இல்லாத கூட்டத்துக்குத் தலை இல்லாததால் பேச்சுவார்த்தையில் ஏமாற்ற முடியாது, உண்மை. ஆனால் இரண்டாம் நாள் பஸ்ஸும் போலீஸ் வண்டிகளும் எரிந்தபோது நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை. தடியடி, கைது, வழக்கு எல்லாம் அதற்கு அப்புறம். விதி போன பிறகு கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்கு யார் துணை நின்றார்கள் என்று கேட்டால்தான் சங்கம் எதற்கு என்று புரியும்.

சங்கம் இருந்தும் தோற்றதும் உண்டு. 1980 டிசம்பரில் ஆரம்பித்த பொதுத்துறை வேலைநிறுத்தம், எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. எல்லாம் சேர்ந்து 77 நாள். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் பேசுவார்கள். கேட்டது கிடைக்காமல்தான் முடிந்தது. முதலாளி அரசாங்கம், அதனால் காத்திருக்க முடியும். தொழிலாளியால் மூன்றாவது மாதம் முடியாது. இன்றைக்கும் அதே கணக்குதான்: நாள் கூலி 600, நூறு பேர், பத்து நாள் என்றால் ஆறு லட்சம் ரூபாய் கூலி இழப்பு. இதில் எவ்வளவை நிதியில் ஈடுகட்ட முடியும் என்று தெரியாமல் "காலவரையற்ற" என்ற சொல்லை நோட்டீஸில் அச்சடிக்கக் கூடாது.

அல்சூர்க்காரன்:
தடுப்பது, பெறுவது. இந்தப் பிரிவு எனக்குத் தோன்றவில்லை. குப்பை விஷயம் இதில் எங்கே வரும்?

குப்பைக்கணக்கு:
இரண்டிலும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இந்த ஊரில் ஒரு போராட்டம் பழக்கத்தையே மாற்றியது என்றால் இதுதான்.

2012 வரை பெங்களூரின் கலப்புக் குப்பை லாரியில் ஏறி ஊருக்கு வெளியே போகும். மாவள்ளிபுரா ஒரு பக்கம், மண்டூர் இன்னொரு பக்கம். கிணற்றுத் தண்ணீர் கெட்டது, ஈ மொய்த்தது, கிராமத்தார் வருடக்கணக்காக மனு கொடுத்தார்கள். நகரத்துக்குக் கேட்கவில்லை. 2012 ஜூலையில் மாவள்ளிபுரா மூடியது. லாரிக்குப் போக இடமில்லை. சில நாளில் எம்.ஜி. ரோடு வரை நாறியது. அப்போதுதான் பேப்பரில் தலைப்புச் செய்தி. 2014இல் மண்டூர்க்காரர்கள் லாரியை மறித்தார்கள், டிசம்பர் 1 முதல் அங்கேயும் கொட்டக் கூடாது என்று ஆனது.

பாருங்கள், தினம் நாலாயிரம் டன்னுக்கு மேல் குப்பை போடுகிற நகரத்தின் குழாய் வாய் இரண்டு கிராமத்தின் கையில் இருந்தது. அவர்கள் எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. இருந்த இடம்தான் பலம்.

நகரம் திணறியபோது "சரி, என்ன செய்யலாம்?" என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே மேஜையில் இருந்தது. 2009இலிருந்து வீட்டிலேயே பிரிப்பது, வார்டிலேயே உலர்குப்பை மையம், ஈரக்குப்பையை அங்கங்கே உரமாக்குவது என்று ஒரு குடிமக்கள் வட்டமேசைக் குழு சின்ன அளவில் செய்து காட்டி, செலவுக் கணக்கும் வைத்திருந்தது. குப்பை பொறுக்குகிறவர்களுக்கு 2011லேயே மாநகராட்சி அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்திருந்தது. அதுவே ஒரு தனி வெற்றி: அதிகாலை சாக்குமூட்டையோடு போகிறவரைப் போலீஸ் "திருடி" என்று நிறுத்தினால் காட்ட ஒரு கார்டு. உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஓடியது, 2015 டிசம்பரில் "இரண்டு டப்பா, ஒரு பை" கட்டாயமானது. பச்சை டப்பாவில் ஈரம், சிவப்பு டப்பாவில் நாப்கின், டயப்பர் மாதிரி கழிவு, பையில் உலர்ந்தது. இன்றைக்கு விவேக் நகரில் ஒரு பாட்டி கூட ஆட்டோ டிப்பர்காரரிடம் "இது ஒண கசப்பா" (இது உலர்குப்பைப்பா) என்று கன்னடத்தில் கொடுக்கிறாள் என்றால் வரிசை இதுதான்: கிராமம் மறித்தது, நகரம் நாறியது, திட்டம் தயாராக இருந்தது, கோர்ட் முத்திரை குத்தியது. நடுவில் எது இல்லாமல் போனாலும் இன்னொரு கல்குவாரியைத் தேடியிருப்பார்கள்.

தேடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மிட்டகானஹள்ளிக் குவாரிக்கு லாரி போனது. ஒரு கிராமத்தின் வெற்றி இன்னொரு கிராமத்தின் தலையில் விழுந்தது.

எங்கே கெடுகிறது? வீட்டில் பிரித்ததை டிப்பரில் ஒன்றாகக் கொட்டுகிற அன்று. இரண்டு முறை அதைப் பார்த்த வீட்டுக்காரர் மூன்றாம் முறை பிரிக்க மாட்டார். ஒப்பந்தத்தில் எடைக்குப் பணம் என்று இருந்தால் பிரிப்பதில் லாரிக்காரருக்கு லாபமே இல்லை, கலந்தால்தான் கனம். பள்ளியில் விழிப்புணர்வு நாடகம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. ஒப்பந்தத்தின் பணப்பட்டுவாடா ஷரத்தைத்தான் மாற்ற வேண்டும். எந்த நாள் எந்தக் குப்பை என்று தெருவில் போர்டு மாட்டி, உலர்குப்பைக்குத் தனி நாள் ஒதுக்கினால் கலப்பு தானாகக் குறையும்.

ஜெயநகர் நாலாவது பிளாக்:
எங்கள் டிப்பரில் இன்னமும் ஒன்றாகத்தான் விழுகிறது. தகவலுக்கு.

பீன்யா ஷிஃப்ட்:
குப்பையைப் பற்றி இவ்வளவு எழுதி அதை எடுக்கிறவர்களை ஒரு வரியில் கடந்துவிட்டீர்களே கணக்கு சார்.

குப்பைக்கணக்கு:
நியாயம். நூல்கண்டு அக்கா எழுதட்டும், அவருக்குத்தான் சங்கத்து விவரம் சரியாகத் தெரியும்.

நூல்கண்டு:
பௌரகார்மிகர், அதாவது துப்புரவுத் தொழிலாளர் விஷயம் பெறுகிற போராட்டத்துக்கு நல்ல உதாரணம், அதனால்தான் அவ்வளவு காலம் பிடித்தது. 1970களிலேயே சாலப்பா குழு அவர்கள் நிலைமையை எழுதி வைத்தது. பிறகு ஒப்பந்த முறை வந்து, கைநாட்டு ஒரு இடத்தில், சம்பளம் இன்னொருவர் பையில். முதல் படி நிரந்தரம் இல்லை, *யார் முதலாளி* என்று நிறுவுவது. அப்போது அமலில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970, பிரிவு 21(4): ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும். அதை வைத்து மாநகராட்சியைப் பிடித்தார்கள். அடுத்த படி நேரடிச் சம்பளம், ஒப்பந்ததாரர் வெளியே. அதற்கும் அடுத்துத்தான் நிரந்தரம். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குச் சாட்சி: மாநகராட்சியே வங்கியில் சம்பளம் போட்டால் "இவர் எங்கள் ஆள் இல்லை" என்று அப்புறம் சொல்ல முடியாது.

2022 ஜூலை 1 வேலைநிறுத்தம். துடைப்பம் நாலு நாள் நின்றது. 4ஆம் தேதி முதலமைச்சர் எழுத்தில் உறுதி கொடுத்தார். எழுத்தில் என்பதைக் கவனியுங்கள். வாய்மொழிக்கு எழுந்திருந்தால் கதை வேறு. அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட மூன்று வருடம் பின்னாலேயே நடந்து, 2025 மே 1 அன்று 12,692 பேருக்கு நியமன ஆணை வந்தது. டிப்பர் ஓட்டுநர், உதவியாளர், லோடர் இதில் இல்லை. வேலை ஒரே குப்பை, பட்டியல் வேறு. கோரிக்கையில் எல்லாப் பணிப்பெயரும் இருந்தது, ஆணையில் ஒரு பணிப்பெயர் மட்டும். இது எல்லா இயக்கத்திலும் நடக்கும் விபத்து: கூட்டத்தில் பாதியைத் திருப்திப்படுத்தினால் மீதிப் பாதி தனியாகிவிடும் என்று அரசுக்குத் தெரியும்.

மேடைக்குப் பின்னால் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன், பெண்கள் அதிகமாக வருகிற போராட்டம் இங்கேதான் கலையும். ஐந்நூறு பேருக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றாலும் தினம் ஐம்பது கேன் தண்ணீர். கழிப்பறை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்க்க வேண்டும். இல்லையென்றால் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் பாதியாகும், பேச்சாளர் மீது தப்பு இல்லை.

மெஜஸ்டிக் சட்டப்பை:
இயக்கம் என்றால் எல்லோரும் தெருவை நினைக்கிறார்கள். பாதி வேலை தகவல் உரிமைச் சட்டத்தில். கர்நாடகத்தில் அடிக்கடி தள்ளுபடி ஆகிற காரணங்கள்: ஒரு விண்ணப்பத்தில் ஒரு பொருள்தான், 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. கன்னடம், இங்கிலீஷ் அல்லது இந்தி, தமிழில் எழுதினால் வாங்க மாட்டார்கள். கட்டணம் பத்து ரூபாய், போஸ்டல் ஆர்டர் எளிது. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். அவர்களிடம் ஆவணமாக இருப்பதைத்தான் தரவேண்டும், காரணம் சொல்லக் கடமை இல்லை. இப்படிக் கேளுங்கள்:

"இன்ன வார்டில், இன்ன தெருவில் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மழைநீர்க் கால்வாய் தூர்வாரிய பணிகளின் வேலை உத்தரவு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பில் ஆகியவற்றின் நகல் தரவும்."

அளவுப் புத்தகம்தான் உயிர். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் என்று இன்ஜினியர் கையெழுத்தோடு இருக்கும். டேப் எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் அளந்தால் பேச்சே வேண்டாம். பழைய மாநகராட்சி வேலைகளுக்கு ஜாப் நம்பர் உண்டு, முதல் மூன்று இலக்கம் வார்டு, அடுத்த இரண்டு வருடம். அது தெரிந்தால் அதையே எழுதுங்கள், "அப்படி வேலை இல்லை" என்று தப்ப முடியாது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் ஆணையத்துக்கு.

இந்தச் சட்டமே ஒரு இயக்கத்தின் பிள்ளை. ராஜஸ்தானில் கூலி வேலை செய்தவர்கள் 1994இல் ஊர் நடுவே வருகைப் பதிவேட்டைச் சத்தமாகப் படித்தார்கள். 1996இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா. 2005 அக்டோபர் 12 அன்று ஜம்மு காஷ்மீர் தவிர நாடு முழுக்க அமலானது. நம் தமிழ்நாடு 1997லேயே ஒரு சட்டம் போட்டது, ஆனால் விதிவிலக்கு நிறைய, பல் இல்லை.

ரிச்மண்ட் டவுன்:
ஃப்ரீடம் பார்க்குக்கு வெளியே நிற்கவே கூடாதா? 144 என்று மிரட்டுகிறார்களே.

மெஜஸ்டிக் சட்டப்பை:
144 இப்போது 163, 2024 ஜூலை 1 முதல் புது எண். அது தனி விஷயம், ஃப்ரீடம் பார்க் தனி விஷயம். தர்ணா, ஊர்வலம் ஃப்ரீடம் பார்க்கில் மட்டும் என்பது 2021 போலீஸ் ஆணையில் உள்ளது. முன்கூட்டியே விண்ணப்பம், அமைப்பாளர் பெயர், எத்தனை பேர், எந்த நேரம். 200 என்று எழுதி 600 பேர் வந்தால் வழக்கு அந்தப் பெயர் மேல். கூடுதலாக எழுதுங்கள், குறைவாக வந்தால் யாரும் கேஸ் போடமாட்டார்கள். தடை உத்தரவு விஷயத்தில் 2019 டிசம்பரில் பெங்களூரில் போட்டதைச் சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் சொன்னது. உத்தரவின் நகலைக் கேளுங்கள், வாய்மொழியாக 163 கிடையாது.

மரம் வெட்டுவது பற்றி என்றால் தெருவே தேவையில்லை. ஐம்பது மரத்துக்கு மேல் வெட்ட பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும் என்று 1976 மரச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே வாசகத்தை நகல் எடுத்து ஆயிரம் பேர் அனுப்பினால் அதிகாரி ஒன்றாகக் கட்டி ஒரே பதில் எழுதுவார். மர எண், இனம், சுற்றளவு போட்டு இருபது பேர் தனித்தனியாக எழுதினால் இருபதுக்கும் பதில் எழுத வேண்டும்.

வள்ளுவர் ரோடு:
எல்லோரும் மெரினாவை மறந்துவிட்டீர்களா? 2017 ஜனவரி 17இல் கூடினார்கள், 23இல் சட்டமே வந்தது.

பின்னிமில் பேரன்:
மறக்கவில்லை தம்பி. அங்கே மாநில அரசு எதிரி இல்லை. சட்டம் போட ஆசைப்பட்ட அரசுக்குக் கூட்டம் காரணம் கொடுத்தது. "மெரினா மாதிரி இங்கேயும்" என்பவர்கள் அதைக் கழித்துவிட்டுப் பேசுகிறார்கள்.

உன் பெயரே சொல்கிறதே, இங்கே உள்ள உதாரணத்தை எடு. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991லேயே தயார். பதினெட்டு வருடம் துணிக்குள். தமிழ்ச் சங்கம் கேட்டது, கோர்ட்டுக்குப் போனார்கள், கன்னட அமைப்புகள் எதிர்த்தன. ஒவ்வொரு முறை இங்கே சத்தம் கூடும்போதும் அங்கே எதிர்ச்சத்தம் கூடியது. 2009 ஆகஸ்ட் 9இல் திறந்தது எப்படி? நாலு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். எதிரே நிற்கிறவர் தன் ஆட்களிடம் தலைநிமிர்ந்து காட்ட ஒரு பொருள் கிடைத்தது. தோற்றுப்போனதாகக் காட்டாமல் எதிராளியை இறங்கவிடுகிற ஏணி அது. பெங்களூர்த் தமிழர்கள் சாக்கடைக்கும் தண்ணீருக்கும் மனுக் கொடுத்தாலும் இதை யோசிக்க வேண்டும். தமிழ் அமைப்பின் லெட்டர்பேடில் மட்டும் போனால் பிரச்சினை சாக்கடையிலிருந்து மொழிக்குத் தாவிவிடும். தெருவில் உள்ள கன்னடக்காரர், உருது பேசுகிறவர் எல்லோர் கையெழுத்தும் சேர்த்துக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் போகட்டும்.

அல்சூர்க்காரன்:
கடைசியாக ஒன்று. இப்போது மனுவை யாருக்குக் கொடுப்பது? மாநகராட்சி ஐந்தாகிவிட்டது.

குப்பைக்கணக்கு:
2025 செப்டம்பர் 2 முதல் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சி, மேலே பெருநகர பெங்களூரு ஆணையம். கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரிலேயே முடிந்தது, அப்புறம் வருடக்கணக்காகத் தேர்தல் இல்லை. அதனால் வார்டு இன்ஜினியரிடம் கெஞ்சுவதை விட உங்கள் மாநகராட்சி ஆணையருக்கு அசல், எம்.எல்.ஏ.வுக்கு நகல். குப்பை என்றால் தனிக் கம்பெனி, அங்கே தனி மனு. எல்லை ரோட்டில் வீடு இருந்தால் எந்த மாநகராட்சி என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் ஐந்து ஆபீஸும் ஒன்றை ஒன்று கை காட்டும்.

கன்னடத்தில் ஒரே பக்கம். கோரிக்கை ஒன்று, தேதி ஒன்று: "இன்ன நாளுக்குள் இன்ன தெருவில் இன்ன வேலை." இரண்டு பிரதி. தபால் பிரிவில் இன்வர்டு நம்பர் போடச் சொல்லி உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள். முப்பது நாள் கழித்து அந்த நம்பரை வைத்தே சட்டப்பை சார் சொன்ன பத்து ரூபாய் விண்ணப்பம்: "இந்த எண் மனுவின் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல் தரவும்." சீல் மங்கலாக விழுந்தால் வெட்கப்படாமல் அங்கேயே இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள்.